மூணாவது இழுப்பு

கிட்ட வந்து உக்காருங்கம்மா. அங்க வேண்டாம், அங்க டீசல் வாடை மூஞ்சியில அடிக்கும், கொமட்டும். இப்படி வாங்க, எனக்கு இடது பக்கம். வலது பக்கம் உக்காந்தா நீங்க பேசுறது கடலுக்குத்தான் போகும், எனக்கு வராது. இந்த வலது காது செத்துப் பதினோரு வருசமாச்சு.

துண்டை நல்லாப் போத்திக்கிடுங்க. காது இன்னும் வலிக்கா? எச்சி முழுங்குங்க. தாடையை ஆட்டுங்க, ஆடு அசை போடுமே அந்த மாதிரி. மூக்கைப் பிடிச்சு ஊதாதீங்க. மேல வந்த பெறகு எதுக்கு ஊதணும்? சும்மா விட்டா தானா சரியாகும். ரத்தம் கித்தம் வரல்லையே? அப்ப ஒண்ணுமில்ல.

கூட வந்த நாலு பேரும் கீழ மீன் பாக்காங்க, நாம மட்டும் இந்தக் கெழவனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோமேன்னு இருக்கும். இருக்கட்டும். நூறு பேர் வந்தா பத்துப் பேருக்குக் காது திறக்காது. நீங்க காதைத் தொட்டுக் காட்டுனீங்க, அந்தப் புது கைடு மேல போன்னு கட்டை விரலைக் காட்டுனான், நீங்களும் வந்துட்டீங்க. அவ்வளவுதான், இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கண்ணு சிவந்திருக்கே? உப்புத்தண்ணியா. சரி. உப்புத்தண்ணின்னே வச்சுக்கிடுவோம்.

ஒரு நிமிசம்மா.

இல்ல, ஒண்ணுமில்ல. போன்ல மணி பாத்தேன். பத்து அஞ்சு.

இதுவா? இது நங்கூரக் கயிறு இல்ல. இது இறங்குற கயிறு. அடியில கல்லு கட்டிக் கெடக்கு. இதைப் பிடிச்சுத்தான் கொஞ்சம் முன்னாடி நீங்களும் கையைக் கையை மாத்தி இறங்குனீங்க. மேல நுனியைப் படகுல கட்டிப்போட்டாப் போதும், யாரும் பிடிக்க வேண்டாம்னு அந்தக் கைடு சொல்லுதான். அவன் கையில வாட்ச் கட்டியிருக்கான், ஆழம் நேரம் எல்லாம் அதுவே சொல்லிரும். நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். கைக்கு ஒரு வேலை வேணும்லா.

தஸ்நேவிஸ்னு ஒருத்தன் இந்தப் படகுல இருந்தான். என் பொண்டாட்டி கித்தேரிக்குக் கூடப் பொறந்த தம்பி. கெட்டிக்காரன். நான் பாராட்டிச் சொல்லலம்மா, திட்டித்தான் சொல்லுதேன். ஊருல எவனைக் கேட்டாலும், தஸ்நேவிஸா, கெட்டிக்காரன்லாம்பான். அந்தக் கெட்டிக்காரத்தனம் என் தலையில வந்து விடிஞ்சதைத்தான் சொல்லப் போறேன். அவங்க மேல வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். கேளுங்க.

எங்க ஆளுக சங்கு எடுக்க முங்குற காலத்துல ஒரு வழக்கம். முங்குறவன் இடுப்புல கயிறு கட்டியிருப்பான். மேல அந்தக் கயித்தைப் பிடிக்கிறவன் அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவனா இருக்கணும். அண்ணன் தம்பியை நம்ப மாட்டாங்க. அப்பனையே நம்ப மாட்டாங்கன்னா பாத்துக்கிடுங்க. மச்சினன்னா, அக்கா தாலி போயிரக் கூடாதேன்னு அந்தக் கயித்துலயே கண்ணா இருப்பான். அப்படித்தான் எனக்கு இவன் வாய்ச்சான். மீசை முளைக்குறதுக்கு முன்னாடியே என் கயித்தைப் பிடிச்சவன்.

நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தோம். இறங்கும்போது மூணு எடத்துல காது அடைக்கும். ஒரு பாகத்துல ஒண்ணு. மூணு பாகத்துல ஒண்ணு. ஆறு பாகத்துல ஒண்ணு. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், அதான் அளவு. ஒவ்வொரு எடத்துலயும் மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதுனா உள்ள ‘டிக்’னு ஒரு சத்தம். காது திறந்துட்டுன்னு அர்த்தம். உடனே கயித்தை ஒரு இழுப்பு இழுப்பேன். மேல இருந்து அவனும் ஒண்ணு இழுப்பான், சரின்னு. மூணு இழுப்பு வந்துட்டா ஆளு தரைக்குப் போய்ட்டான், பயமில்லன்னு அவன் பீடி பத்த வைப்பான்.

நிறுத்தாம இழுத்துக்கிட்டே இருந்தா, தூக்குன்னு அர்த்தம். அப்ப தூக்கணும். ஏன் எதுக்குன்னு கேள்வி கிடையாது. காலையில ரெண்டு பேரும் மண்டையை ஒடச்சுக்கிட்டு வந்திருந்தாலும் அப்ப கோவம் பாக்கக் கூடாது. தூக்கணும்.

பெறகு இந்த முதலாளி ஸ்கூபா படகு கொண்டாந்தாரு. சங்கு எடுத்துப் பழகுன ஆளு ரெண்டு பேர் வேணும்னு கேட்டு எங்களைச் சேத்துக்கிட்டாரு. முதுகுல சிலிண்டர் வந்துட்டு, கயிறு போய்ட்டு. அவனும் நானும் பக்கத்துல பக்கத்துல இறங்குவோம், நடுவுல உங்களை மாதிரி வந்தவங்க. காது திறந்துச்சான்னு விரலை வட்டமாப் பிடிச்சுக் காட்டணும். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

அந்த வருசம் புரட்டாசியில கித்தேரி போய்ட்டா. மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் கஞ்சி கேட்டா, நான் சூடு பண்ணிக் கொண்டாறதுக்குள்ள… சரி, அது வேற கதை.

ஒம்பதாம் நாள் நான் கடலுக்கு வந்துட்டேன். “இன்னாசியண்ணே, ஒரு மாசம் வீட்டுல இருங்க”ன்னாரு முதலாளி. வீட்டுல என்ன இருக்கு? அவ வாயாடிம்மா. பாத்திரத்தோட பேசுவா, கோழியோட பேசுவா, வாசல்ல மீன் விக்க வந்தவ போன பெறகும் அரை மணி நேரம் அவகூடச் சண்டை போடுவா. அந்த வீட்டுல சத்தம் இல்லன்னா எப்படி இருக்கும்? கடலுக்கு அடியில அப்படி இல்ல. அங்க யாருமே பேச மாட்டாங்க. அதனால அவ பேசலங்குறது அங்க தெரியாது.

அப்பப் பாத்து எனக்குச் சளி பிடிச்சுட்டு. ஐப்பசி மழைலா, யாருக்கும் பிடிக்கும். மூக்கடைச்சா காது திறக்காது, அது உங்களுக்கே இப்பத் தெரியும். முதல் எடத்துல திறந்தா ரெண்டாவது எடத்துல திறக்காது. கொஞ்சம் மேல ஏறணும், மறுபடி ஊதணும், மறுபடி இறங்கணும். அதுக்கெல்லாம் வந்தவங்க காத்திருப்பாங்களா? வலியோடயே இறங்கிட்டு விரலை வட்டமாக் காட்டுவேன். மேல வரும்போது மாஸ்க்குக்குள்ள ரெண்டு சொட்டு ரத்தம் இருக்கும். படகுல ஏறுறதுக்கு முன்னாடி கழுவிருவேன். மருந்துக் கடையில சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். அது இறங்கும்போது திறந்து விடும், கீழ போன பெறகு கை விட்டுரும்.

ஒரு நாள் இந்தத் தஸ்நேவிஸ் எனக்குச் சிலிண்டரை மாட்டிவிடும்போது சொல்லுதான், “மச்சான், இது சளி இல்ல.”

“பெறகு என்னல இது?”

“ராத்திரி முழுக்க அழுதா மூக்கு அடைக்கத்தான் செய்யும். கொஞ்ச நாள் மேல இரும். ஒம்ம காது போயிரும்.”

“நான் அழுததை நீ பாத்தியால?”

“பாக்கல. ஒம்ம மாஸ்க்கைப் பாத்தேன்.”

எப்படி நோட்டம் விட்டிருக்கான் பாருங்க. சளின்னு சொன்னா சளின்னு விட வேண்டியதான? நான் ஆம்பளைம்மா, அம்பத்து மூணு வயசு, ராத்திரி முழுக்க உக்காந்து அழுவேனா? அப்படியே வச்சுக்கிடுங்க. அவளுக்குக் கூடப் பொறந்தவன் இவன். ஒரு வயித்துல பொறந்தவன். இவனுக்கு மூணு எடத்துலயும் ‘டிக் டிக் டிக்’னு காது திறக்குது. எனக்குத் திறக்கல. அப்ப இவன் அக்காவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னுதான அர்த்தம்? அன்னைக்கே எனக்கு மனசு விட்டுப் போச்சு.

மணி என்ன இருக்கும்? பத்து பன்னெண்டா. சரி.

கார்த்திகை பொறந்த வாரம். ஒரு புருசன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எறங்குனோம். மூணாவது எடம், ஆறு பாகம். திறக்கல. காதுக்குள்ள கொண்டை ஊசியை விட்டுத் திருகுற மாதிரி வலி. மூக்கைப் பிடிச்சு மூச்சைக் கட்டி ஓங்கி ஊதுனேன். ‘பட்’னு ஒரு சத்தம். வலி போய்ட்டு. திறந்துட்டுன்னு நெனச்சேன். அடுத்து, காது வழியா மண்டைக்குள்ள பச்சத்தண்ணி ஏறுது. ஏறுனதும் கடல் சுத்துது. சுத்துதுன்னா, ராட்டினத்துல உக்கார வச்சுக் கிறுகிறுன்னு விட்டாப்ல. எது மேல எது கீழன்னு தெரியல. அப்பவும் என் கை என்ன செய்யுது தெரியுமா? விரலை வட்டமாப் பிடிச்சு, நல்லா இருக்கேன்னு காட்டுது.

மேல போறேன்னு நெனச்சுக் கீழ நீந்தியிருக்கேன்.

இவன் வந்து சிலிண்டரைப் பிடிச்சு நிறுத்தி, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அவன் வாயில இருந்து வாற மூச்சுக் குமிழி இருக்குல்லா, என் கையை எடுத்து அதுமேல வச்சான். குமிழி போற பக்கம்தான் மேல. சுத்துறது நிக்குற வரைக்கும் கையை அங்கேயே வச்சிருந்தேன். அவன் நெஞ்சு என் நெஞ்சுல இடிக்குது. பெறகு மெல்ல மெல்ல, ஒவ்வொரு எடத்துலயா நிறுத்தி, மேல கொண்டாந்தான். காதுல வடிஞ்ச ரத்தத்தை அவன் இடுப்புல கட்டுற சாரத்தால தொடச்சுட்டு, படகுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி, “மச்சானுக்கு ஏணி இடிச்சுட்டு”ன்னு சொன்னான். முதலாளிக்குத் தெரியாம மறைச்சான். அதுல குறை சொல்ல மாட்டேன்.

காது டாக்டர்கிட்டயும் அவன்தான் கூட்டிக்கிட்டுப் போனான். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் காட்டப் போனோம். டாக்டர் மேசை எனக்கு வலது பக்கம். அவர் இவனைப் பாத்துத்தான் பேசுனாரு, ரொம்ப நேரம் பேசுனாரு. கடைசியில என்னைப் பாத்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சிரிச்சாரு. சரியாப் போச்சுன்னுதான அதுக்கு அர்த்தம்? வேற எதுக்குச் சிரிப்பாரு? வெளிய வந்து, “என்னல சொன்னாரு?”ன்னு கேட்டேன். இவன் பதில் பேசாம சைக்கிளைத் திருப்புனான். “நாளையில இருந்து முங்கலாம்லா?”ன்னேன். அதுக்கும் பேசல. பேசாம இருந்தா சம்மதம்தான?

மறுநாள் படகுல நான் சிலிண்டர் மாட்டிக் கம்பீரமா உக்காந்திருக்கேன். முதலாளியும் படகுல வந்திருந்தாரு. இவன் எனக்குப் பின்னால நிக்கான். நான் கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரத்துல படகுல இருந்த எல்லாரும் என்னையே பாக்காங்க. என்னன்னு கேக்கேன். முதலாளி கிட்ட வந்து, என் இடுப்பு பெல்ட்டை அவர் கையாலயே அவுத்தாரு.

“இன்னாசியண்ணே, நீங்க மேல இருங்க. இனிமே மேலதான்.”

என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? முதலாளி பெறகு சொன்னாரு. என் வலது காதுகிட்டக் குனிஞ்சு, மெல்ல, “மச்சான், அக்கா கூப்பிடுதா”ன்னு சொல்லியிருக்கான். மூணு தடவை சொல்லியிருக்கான். இருவத்தாறு வருசம் அவ கூப்பிட்ட குரலுக்குத் திரும்புனவன் நான். பந்தியில உக்காந்திருந்தாலும் எச்சிக் கையோட எந்திரிச்சுப் போயிருவேன், ஊரே கேலி பண்ணும். அந்த ஆளு திரும்பலன்னா அந்தக் காதுல ஒண்ணுமே இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. எத்தனையோ வார்த்தை இருக்கே, அவ பேரைத்தான எடுத்தான். செத்தவளை வச்சு என்னைப் பிடிச்சான்.

அன்னைக்கு நிறுத்துனேன் பேச்சை. பதினோரு வருசம், ஒரு வார்த்தை பேசல. ஒரே படகு. அவன் சிலிண்டரை நான்தான் தூக்கிக் கொடுப்பேன். அவன் மேல ஏறும்போது நான்தான் கை கொடுப்பேன். பேச்சு கிடையாது.

அவன் விட்டானா? மத்தியானம் சாப்பிடும்போது, எவ்வளவு எடம் கெடந்தாலும் வந்து இந்த இடது பக்கம்தான் உக்காருவான். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பலகைதான். வலது பக்கம் உக்காந்தா கேக்கலன்னு இருந்துரலாம்லா? அதுக்கு வழி கொடுக்க மாட்டான். நல்ல காது பக்கமாப் பாத்து உக்காந்து, “மச்சான், சாப்ட்டீரா?”ம்பான். தூக்குச்சட்டியைத் திறந்து பொரிச்ச மீனை என் பக்கம் தள்ளுவான். நான் கடலைப் பாப்பேன். மீனை மட்டும் எடுத்துக்கிடுவேன், வீணாப் போகுதேன்னு. பதினோரு வருசம் தெனமும் இதே தொந்தரவு.

இன்னொண்ணு செஞ்சான். என்னை மேல உக்கார வச்ச முதல் நாளே, என் கையில இந்தக் கயிறு. அவன் எறங்குதான். ஒரு பாகம் போயிருப்பான், கயிறு ஒரு இழுப்பு. மூணு பாகத்துல ஒண்ணு. ஆறு பாகத்துல ஒண்ணு. அவன் காது திறந்ததை எனக்குச் சொல்லுதானாம். என்ன செய்ய? கீழ இருக்கவன் இழுத்தா மேல இருக்கவன் பதில் இழுக்கணும். நானும் இழுத்தேன். அது பேச்சு இல்ல பாத்துக்கிடுங்க. அது வேலை. பதினோரு வருசம் அந்த வேலை ஒரு நாள் விடாம நடந்துச்சு.

இந்தத் தை மாசம் தானாப் போய் முதலாளிகிட்டச் சொல்லியிருக்கான், “எனக்கு மூச்சு வாங்குது, இனிமே என்னை எறக்காதீங்க”ன்னு. என்னைக் காட்டிக் கொடுத்தவன், தன்னையும் காட்டிக் கொடுத்துக்கிட்டான். அவன் மக ஓசூர்ல இருக்கா, அங்க போறேன்னு கெளம்பிட்டான். ஓசூர்ல கடல் உண்டாம்மா? இல்லையில்லா? பஸ்ஸுக்குப் போற அன்னைக்குக் கரைக்கு வந்தான், கையில மஞ்சப்பை. இடது பக்கம் வந்து நின்னான். “மச்சான், போய்ட்டு வாறேன்.” நான் கயித்தைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். சுருட்டுன கயித்தை அவுத்து மறுபடியும் சுருட்டுனேன். நிமிந்து பாத்தா ஆளு இல்ல.

பெறகு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் அடிச்சான். எடுப்பேன். எடுத்து வலது காதுல வச்சுக்கிடுவேன். பேசுறான் போலருக்கு, போன் சூடாகுற வரைக்கும் பேசுவான். எனக்கென்ன? வைக்க மட்டும் மாட்டேன். வைக்கிறது மரியாதை இல்லையில்லா.

கெட்டிக்காரன், நான் செத்த காதுல வச்சுக்கிடுறதைக் கண்டுபிடிச்சுட்டான். ஒரு நாள், நாங்க இங்க நங்கூரம் போட்ட நேரம், பத்து பத்து இருக்கும், சட்டைப் பையில போன் ஒரு தடவை அதிர்ந்து நின்னுட்டு. எவனோ தெரியாம அடிச்சுட்டான்னு விட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு. இன்னும் கொஞ்சம் கழிச்சு ஒண்ணு. எடுத்துப் பாத்தா மூணும் அவன். ஓசூர்ல கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஆறு பாகம் எறங்குதான்மா! நான் என்ன செய்வேன்? நானும் ஒண்ணு அடிச்சு வச்சேன். அது வேலை. அதுல இருந்து தெனமும் பத்து பத்துக்கு மூணு இழுப்பு, இங்க இருந்து ஒண்ணு.

போன ஞாயித்துக்கிழமை முதலாளி வந்து சொன்னாரு. தஸ்நேவிஸுக்கு நெஞ்சுல அடைப்பு, நாளைக்குக் காலையில நெஞ்சைத் திறந்து ஆபரேசன்னு. சரின்னேன்.

திங்கக்கிழமை ஒண்ணும் வரல. ஆபரேசன் நாள், எப்படி வரும்? செவ்வாய் வரல. புதன் வரல. நேத்தும் வரல. இன்னைக்கு வெள்ளி. மக நம்பர் முதலாளிகிட்ட இருக்கு, கேட்டா அடிச்சுக் கொடுப்பாரு. கேக்கலாம். கேட்டா, பாத்தீங்களா, இன்னாசி எறங்கி வந்துட்டாருன்னு ஊர் முழுக்கச் சொல்லிருவாங்க. அதுவும் போக, அடிச்சு அந்தப் பக்கம் வேற யாராவது எடுத்து, எதாவது சொன்னா… எந்தக் காதுல வச்சுக் கேக்குறது அதை?

நாலு நாளா மூக்கு வேற அடைச்சுக் கெடக்கு. பங்குனி வெயில்லயும் சளி பிடிக்கும்மா. உங்களுக்கும் சளிதானே? இல்லன்னா விடுங்க, நான் கேக்கல.

மணி பத்து இருவது. தாண்டிட்டு. இந்த எடத்துல டவர் சில நேரம் இருக்காது. ரெண்டு கோடு காட்டுது, பாருங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டுதான? அப்ப டவர் இருக்கு.

இருங்க.

பேசாதீங்க. சட்டைப் பை அதிருது. நின்னுட்டு. ஒண்ணு. நீங்களும் பாத்தீங்கள்லா, ஒண்ணு.

அவன்தான். வேற எவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. இருங்க, ரெண்டாவது வரணும். மூணு பாகம்லா, மெல்லத்தான் எறங்கணும், புண்ணு உடம்பு. அவசரப்படாதல. மெல்ல ஊது. மெல்ல… இந்தா. ரெண்டு! கெடக்கான்மா, உசுரோட கெடக்கான், எனக்கு எமனா வாய்ச்ச பய. நாலு நாளா மனுசனை என்ன பாடு படுத்திட்டான்.

மூணாவது இன்னும் கொஞ்சம் தாமசமா வரும். அது ஆறு பாகம். வந்ததும் நான் ஒண்ணு அடிச்சுட்டு, உங்களுக்கு பிளாஸ்க்ல இருந்து கட்டஞ்சாயா ஊத்தித் தாறேன்.

வந்துட்டு. மூணு.

அம்மா, இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க. இறுக்க வேண்டாம், சும்மா கையில வச்சிருந்தாப் போதும். நான் போனை இடது பக்கம் மாத்திக்கிடுதேன். ஒரு தடவை அதிர்ந்து நிக்கணும்லா, இது நிக்கல. நிறுத்தாம இழுத்துக்கிட்டே இருக்கான்மா. விட மாட்டேங்கான்.